எல்லாம் ரோட்டுக்குத்தான் வருது

ஊருக்குள்ள ஆராவது கார் வாங்கினா முதல் கேக்குற கேள்வி என்ன? "லீற்றருக்கு எத்தின ஓடும்?" ரெண்டாவது, "லீசிங்கா, கைக்காசா?" மூண்டாவது, "இப்ப வித்தா என்ன விலைக்குப் போகும்?" ஓட்டுறதுக்கு எப்பிடி இருக்கு எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. கேட்டாலும் நான் என்னத்தச் சொல்ல? ஓட்டினாத்தானே சொல்றதுக்கு! கிரான்ல வெளிக்கிட்டு மட்டக்களப்பு போய்ச் சேருற வரைக்கும் நான் செய்யிறது ஓட்டம் இல்ல, ஒதுங்கல். மாட்டுக்கு ஒதுங்கு, நெல்லுக்கு ஒதுங்கு, டிப்பருக்கு ஒதுங்கு, பள்ளத்துக்கு ஒதுங்கு. ஒதுங்குறதுக்கா ஒருத்தன் இவ்வளவு காசு குடுத்து இப்பிடி ஒரு கார் வாங்குறது?

என்ட கார் சுசுகி ஸ்விஃப்ட் ஆர்எஸ். யப்பான்ல இருந்து ரீகண்டிஷனா வந்தது. மூண்டு சிலிண்டர்தான், ஆயிரம் சிசிக்கு உள்ளதான், ஆனா டர்போ. 102 குதிரை வலு. காரிட பாரம் 930 கிலோ. இந்த ரெண்டு இலக்கத்தையும் சேத்துப் பாருங்க, காரிட குணம் விளங்கும். நம்மட நாட்டில கார் வரியக் கனகாலமா எஞ்சினிட சிசியப் பார்த்துத்தான் கணக்குப் போடுறாங்க. அதால ஆயிரத்துக்குக் கீழ ஒரு நல்ல எஞ்சின் வந்தா, மாசச் சம்பளக்காரனுக்கும் ஆசை எட்டுற தூரத்தில வந்து நிக்கும். அந்த ஆசையிலதான் வாங்கினன். படம் காட்ட இல்ல. சைலன்ஸர மாத்திச் சத்தம் போடுறவனுமில்ல நான்.

சின்னக் காருக்குள்ள நல்ல எஞ்சின வைக்கிற வழக்கம் நேத்து வந்ததில்ல. 1975ல பிராங்பேர்ட் கண்காட்சியில வொக்ஸ்வேகன்காரங்க கோல்ஃப் ஜீடிஐயக் காட்டினாங்க. அடுத்த வருசம் விக்கத் துவங்கினாங்க. 110 குதிரை வலு. பணக்காரன் ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்ல அனுபவிக்கிற சந்தோசத்த, பின்னால புள்ளைகளையும் டிக்கியில அரிசி மூடையையும் வச்சுக்கொண்டு போற மனிசனுக்கும் குடுக்கலாம் எண்டு அவங்க நினைச்சாங்க. சுசுகிக்காரங்களும் அந்த வழியிலதான் வந்தாங்க. 2007ல ஜூனியர் உலக ராலியில சுவீடன் நாட்டு பேர்-குன்னார் அண்டர்சன் சம்பியன் ஆனது ஸ்விஃப்ட் ஓட்டித்தான். அந்தப் பரம்பரையில வந்த காரை நான் சித்தாண்டியில மாட்டு வாலுக்குப் பின்னால முதலாவது கியர்ல உருட்டுறன்.

வேகம் எண்டதும் முகத்தச் சுழிக்காதீங்க. ஊர்மனைக்குள்ள 50, வெளியில 70. இதுதான் நம்மட நாட்டில காருக்குச் சட்டம். அதிவேகப் பாதையில 100 போகலாம். அந்தப் பாதை தெற்குக்கு 2011ல வந்தது, கட்டுநாயக்கவுக்கு 2013ல வந்தது, கிழக்குக்கு ஒரு முழம்கூட வரல்ல. சரி, அது கிடக்கட்டும். எனக்கு 70 போதும். இந்தக் காரிட ருசி வேகத்தில இல்ல. அறுபதில ஒரு வளைவு வரும். ஸ்டியரிங்க லேசாத் திருப்பினா முன்பக்கம் உடனே கிறுகும், பின்பக்கம் அலையாமல் கூடவே வரும், வளைவு முடியக்குள்ள மிதிச்சா டர்போ தள்ளும். அந்த ஒரு நிமிசம்தான். வேற ஒண்டும் வேணாம்.

அது எப்பவாவது கிடைக்கிறதுதான் எனக்கு இன்னும் கூட வயித்தெரிச்சல். ஞாயிற்றுக்கிழமை வெள்ளனோட எழும்பி, ஓட்டமாவடிப் பாலத்தக் கடந்து, நாவலடியில திருகோணமலைப் பக்கம் கிறுகிப் பாருங்க. காயங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணிப் பாலம், வாகரை. காப்பட் ரோட்டு, பக்கத்தில களப்பு, காத்து. முந்தி திருகோணமலைக்குப் போறதெண்டா வழி நெடுக பாதையில ஏறி ஏறி ஆறு கடக்கணும். 2009ல கிண்ணியாப் பாலம் வந்திச்சு, அடுத்த ரெண்டு வருசத்தில மத்தப் பாலங்களும் வந்திச்சு. இப்ப ஒரே ஓட்டம். ஆக, நம்மட ஆக்களுக்கு ரோட்டுப் போடத் தெரியாம இல்ல. போட்டிருக்காங்க. போட்ட ரோட்ட ரோட்டா இருக்க விடுறதுக்குத்தான் ஆளில்ல.

மாட்டில இருந்து துவங்குறன்.

மம்மலுக்குப் பிறகு ஏ-15 ரோட்டில சித்தாண்டியில இருந்து கும்புறுமூலை வரைக்கும் ஒருக்கா வந்து பாருங்க. பகல் முழுக்கக் குடிச்ச சூட்டத் தார் இரவில மெல்ல மெல்ல விடும். மாரி காலத்தில சுத்திவரச் சேறு, நடு ரோட்டு மட்டும்தான் காஞ்ச இடம். மாடு வேற எங்க போய்ப் படுக்கும்? கறுத்த தாரில கறுத்த மாடு. நம்மளப் பார்த்துப் படுத்திருந்தா லைட் பட்டுக் கண் ரெண்டும் மினுங்கும், தப்பிடலாம். அங்கால பார்த்துப் படுத்திருந்தா? அந்த நேரம் பார்த்து எதிர்ல வாற பஸ் வெள்ளை எல்.ஈ.டி லைட்ட உயரத்துக்குப் போட்டுக்கொண்டு வரும். நம்மட கண்ணு ரெண்டு செக்கனுக்கு ஒண்டையும் காட்டாது. அந்த ரெண்டு செக்கன்ல அறுபதில போற கார் முப்பது மீற்றருக்கு மேல போயிடும். கணக்குப் போட்டுப் பாருங்க. என்ட கார் பதிவான கார். நிண்டுகொண்டிருக்கிற மாட்ட அடிச்சா பம்பர் தட்டுறது காலைத்தான், உடம்பு நேர கண்ணாடிக்கு மேல வரும். மோட்டார்சைக்கிள்ல வாற பொடியனுக்குக் கண்ணாடியும் இல்ல. இந்த ரோட்டில மாட்டில மோதி ஆஸ்பத்திரிக்குப் போன ஆக்கள் இல்லாத ஊர் ஒண்டு சொல்லுங்க பாப்பம்.

"கட்டாக்காலி மாடுகளின் உரிமையாளர்களுக்கு" எண்டு துவங்கி ஒலிபெருக்கியில அறிவிப்பாங்க. சிலதப் பிடிச்சு அடைப்பாங்க, தண்டம் வாங்குவாங்க. மறுகா பழைய குருடிதான். அந்த அறிவிப்பக் கேக்கேக்குள்ள எனக்குக் கோவம்தான் வரும். ஏனெண்டா மாட்டுக்காரரத் திட்ட எனக்கு வாய் வரல்ல. பெரும்போகம் விதைச்சா வட்டைக்குள்ள மாட்ட வச்சிருக்கேலாது. காலங்காலமா நம்மட ஆக்கள் பட்டிகள மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் சாய்ச்சுக்கொண்டு போவாங்க. வெள்ளாம வெட்டி முடியத் திரும்பி வருவாங்க. அந்த மேய்ச்சல் தரையில வெளி ஆக்கள் வந்து காட்டக் கொத்திப் பயிர் செய்யத் துவங்க, பண்ணையாளர் 2023 செப்டெம்பர்ல சித்தாண்டியில ரோட்டோரம் கொட்டில் போட்டுக் குந்தினாங்க. மாசக்கணக்கா இருந்தாங்க. மழைக்குள்ளயும் இருந்தாங்க. அந்தக் கொட்டிலக் கடந்துதான் நான் வேலைக்குப் போய் வந்தன். பெரிய ஆக்கள் வந்தாங்க, பேசினாங்க, போட்டோ எடுத்தாங்க, போனாங்க.

ரோட்டில படுக்குற மாடு எல்லாம் மயிலத்தமடுவுக்குப் போகவேண்டிய மாடுதான் எண்டு நான் சொல்ல வரல்ல. ஊர் மாடும் இருக்கு, அவிட்டு விட்டுப்போட்டு அக்கறையில்லாம இருக்கிற ஆக்களும் இருக்காங்க. ஆனா மேயுற நிலம் சுருங்கச் சுருங்க மாடு எங்க வரும்? மாட்டுக்கு உறுதி, பேர்மிட் எண்டு ஒண்டும் தெரியாது. ஆரும் அடிச்சுத் துரத்தாத இடம் ஒண்டு அதுக்குத் தேவை. இப்ப அப்பிடி மிஞ்சிக் கிடக்கிறது நம்மட ஏ-15 தான்.

அடுத்தது நெல்லு. இதச் சொல்லக்குள்ள இன்னும் நோகுது, ஏனெண்டா அது என்ட மாமாட நெல்லாவும் இருக்கலாம்.

மாசி, பங்குனியில நம்மட பக்கம் வந்தா ரோட்டில பாதிய காணேலாது. காப்பட்டில படங்கு விரிச்சு, சில இடத்தில படங்கும் இல்லாம, நெல்லுப் பரவிக் கிடக்கும். சுத்திவரக் கல்லு, மரக்கட்டை, பழைய ரயர். நெல்ல அள்ளிக்கொண்டு போன பிறகும் கல்லு அங்கயே கிடக்கும். அப்பிடிக் கிடந்த ஒரு கல்லுத்தான் என்ட முன் ரயரக் கிழிச்சது. இந்தக் காருக்கு வாற ரயர் 185/55 ஆர்16. தாருக்கும் எலோய் வீலுக்கும் இடையில பத்துச் சென்ரிமீற்றர் இறப்பர்தான் இருக்கு. பக்கத்தில வெட்டு விழுந்தா பட்ச் போட்டுத் தப்பேலாது, ரயரையே தூக்கி எறியணும். வாழைச்சேனையில கேட்டன், ஏறாவூர்ல கேட்டன். வேற அளவெல்லாம் அடுக்கி வச்சிருக்காங்க, இந்த அளவு இல்ல. கொழும்பில இருந்து எடுப்பிக்கணும். ரயர் வரும் வரைக்கும் கார் வளவுக்குள்ள ஜக்கில நிண்டிச்சு. லீசிங் மட்டும் நிக்காமப் போச்சு.

ரயர் மாட்டி ஓடத் துவங்கின பிறகு அந்த இடத்தில நிப்பாட்டினன். வயசான ஒரு அம்மா காலால நெல்லக் கிளறிக்கொண்டு நிண்டா. வெயில் எண்டா அப்பிடி வெயில். தலையில ஒரு துவாய்த் துண்டு.

"கொஞ்சம் அங்கால எடுங்க மகன், நெல்லில ஏத்திப்போடாதீங்க."

"ரோட்டில போட்டா வாகனம் ஏறத்தானேம்மா செய்யும்?"

"வேற எங்க போடுற மகன்? வானத்தப் பாருங்க, மழைக் குணமாக் கிடக்கு. ஈரம் ஈரம் எண்டு யாவாரி கிலோவுக்கு எவ்வளவு கழிக்கிறான் தெரியுமா?"

இதுக்கு நான் என்னத்தச் சொல்ல? நீங்க எண்டா என்ன சொல்லியிருப்பீங்க?

அந்த அம்மா சொன்னதுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. அரசாங்கத்திட நெல் சந்தைப்படுத்தும் சபை நெல்லு எடுக்கிறதெண்டா ஈரப்பதன் நூத்துக்கு 14க்கு மேல இருக்கக் கூடாது. 2025 பெரும்போகத்தில கிலோ நாட்டரிசி நெல்லுக்கு 120 ரூபா, சம்பாவுக்கு 125 ரூபா, கீரிச்சம்பாவுக்கு 132 ரூபா எண்டு விலை அறிவிச்சாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்ப வெட்டுறது மெசின். காலையில வயல்ல நிண்ட நெல்லு மத்தியானம் மூடையில நிக்கும், ஈரத்தோட. முந்தி கையால வெட்டி, உப்பட்டி காஞ்சு, சூடு வச்சு, களவெட்டியில மிதிச்சு எடுக்கக்குள்ள நெல்லு தானா காஞ்சிரும். மெசின் வந்திச்சு, களவெட்டி போயிட்டு. அதுக்குப் பதிலா காயவைக்கிற தளம் ஒண்டு வட்டைக்கு வட்டை வந்திருக்கணுமா இல்லையா? வரல்ல. அந்தப் பதினாலக் காட்ட விவசாயிக்குக் கிடைச்ச தளம் வீதி அபிவிருத்தி அதிகார சபை போட்ட காப்பட். விலை அறிவிச்ச கந்தோருக்கும் ரோட்டுப் போட்ட கந்தோருக்கும் இடையில, உச்சி வெயில்ல அந்த அம்மா காலால கிளறிக்கொண்டு நிக்கிறா. நடுவில நான் ஹோர்ன் அடிச்சு ஆரத் துரத்துற?

யோசிச்சுப் பாத்தன். இடமில்லாமப் போறதெல்லாம் கடைசியில ரோட்டுக்குத்தான் வருது. மேய இடமில்லாத மாடு ரோட்டுக்கு வருது. காய இடமில்லாத நெல்லு ரோட்டுக்கு வருது. ஆத்து மண்ண ஏத்திக்கொண்டு படங்கு மூடாம ஓடுற டிப்பர்ல இருந்து வளைவுக்கு வளைவு மண் கொட்டுது, அதுல பிறேக் பிடிச்சா வழுக்குது. வந்தாறுமூலையில கம்பஸ் விட்ட நேரம் நடக்கிற பிள்ளைகளுக்கு ஓரம் போதாது, தாரிலதான் இறங்கி நடக்குறாங்க. சந்தை நாள்ல கிரான்ல மரக்கறியும் ரோட்டுக்கு வரும். ஒவ்வொண்டுக்கும் ஒரு இடம் ஒதுக்கவேண்டியது ஒரு கந்தோரிட வேலை. ஒவ்வொரு கந்தோரும் அந்த வேலையச் செய்யாம விட்டதுட கணக்கெல்லாம் இருபது அடித் தாருக்கு மேல வந்து குவிஞ்சு கிடக்கு. பதிஞ்ச காருக்கு அது முதல்ல தெரியுது, அவ்வளவுதான்.

பதிவு எண்டு சொன்னன் இல்லையா, அதையும் சொல்லிப்போடுறன். இந்தியாவில விக்கிற ஸ்விஃப்ட் நிலத்தில இருந்து 163 மில்லிமீற்றர் உயரம். யப்பான்ல விக்கிறது 120. நான் வாங்கினது யப்பான் சாமான். வித்தியாசம் ரெண்டு விரலுக்குக் கொஞ்சம் கூட. யப்பான்காரன் தன்ட ரோட்ட நம்பி 120 வச்சான், இந்தியாக்காரன் தன்ட ரோட்டத் தெரிஞ்சு 163 வச்சான். நம்மட ரோட்டுக்கு எத்தின வைக்கணும் எண்டு ஆருக்குத் தெரியும்? வேகத்தடை எண்டு போடுறாங்களே, ஒண்டு ஒரு சாண் உயரம், அடுத்தது கூரா நிக்குது. வெள்ளைக் கோடும் இல்ல, பலகையும் இல்ல. இரவில ஏறி விழுந்த பிறகுதான் அது இருக்கு எண்டு தெரியும். 'கர்ர்க்' எண்டு அடியில ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, காருக்குள்ள இருக்கிற எல்லாரும் பேச்ச நிப்பாட்டிருவாங்க.

ஒழுங்கைக்குள்ள கதை வேற. தண்ணிக் குழாய் பதிக்க எண்டு கொங்கிறீற் ரோட்டக் குறுக்கால வெட்டுவாங்க. குழாய் போகும், மண்ணப் போட்டு மூடுவாங்க, ரெண்டு மழைக்கு மண் இறங்கும், கொங்கிறீற் விளிம்பு கத்தி போல நிக்கும். ஒரு கந்தோருக்குப் போய் எழுதிக் குடுத்தன். "இது எங்கட ரோட்டு இல்ல" எண்டாங்க. உண்மைதான். ஏ, பீ ரோட்டெல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சீ, டீ ரோட்டு மாகாணத்துக்கு. ஒழுங்கை பிரதேச சபைக்கு. வீட்டுக் கடப்படியில இருந்து பெரிய ரோட்டுக்கு ஏறக்குள்ள நான் ஒரு சொந்தக்காரனிட நிலத்தில இருந்து இன்னொரு சொந்தக்காரனிட நிலத்துக்கு மாறுறன், அந்த மாறுற இடத்திலதான் அரை அடிப் படி நிக்குது. ஏ-15ல தாருக்கு மேல தார் போட்டு உயத்துறாங்க, ஒழுங்கை பழைய மட்டத்தில கிடக்கு. அந்தப் படி ஆருட படி? இவங்க அவங்களக் காட்டுறாங்க, அவங்க இவங்களக் காட்டுறாங்க. நான் ரெவினியூ லைசன்ஸ் எடுக்கக்குள்ள மட்டும் ஒருத்தரும் இது எங்கட கார் இல்ல எண்டு சொல்றதில்ல.

கராஜில நானா காரைத் தூக்கி அடியக் காட்டினார். முன் கவர் கிழிஞ்சு தொங்குது. "தம்பி, சாமான் நல்ல சாமான். எஞ்சின்ல ஒரு குறையும் இல்ல. ரோட்டுத்தான் வயித்தக் கிழிக்குது" எண்டார்.

"என்ன செய்யலாம் நானா?"

"ஸ்பேசர் போடுவம். ஒரு இஞ்சி உயரும். இப்ப எல்லாரும் போடுறாங்க."

ஸ்பேசர் போட்டா உயரும், உண்மை. ஆனா ஸ்பிரிங்குக்கு மேல கட்டைய வச்சு உயத்தினா காரிட பாரம் நிக்கிற மட்டம் மாறும், வளைவில சாயும், சஸ்பென்ஷன் வேலை செய்யிற அளவு கெடும். எதுக்காக இந்தக் காரை வாங்கினனோ அதையே கழட்டி வைக்கிற வேலை அது. பெரிய பெரிய எஞ்சினியர்மார் எத்தினையோ ரோட்டில ஓடி ஓடிப் பார்த்து அமைச்ச சஸ்பென்ஷன, ஒழுங்கைப் படி ஒண்டுக்காக நான் கெடுக்கணுமா? கெட்டது ரோட்டு. திருத்துறது காரையா?

மாமா சொல்றார், "மருமகன், பேசாம இத வித்துப்போட்டு உசரமான வாகனம் ஒண்டு எடுங்க." எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்க, தனியார் வாகனத்துக்கு மறுகா திறந்தது 2025 பெப்ரவரியில. ஐஞ்சு வருசம் கார் வாறது கிட்டத்தட்ட நிண்டுபோச்சு. திறந்த பிறகு வந்ததுக்கு வரிக்கு மேல வரி. பழைய கார் விலையே தலை சுத்துது, இதுல உசரமான வாகனத்துக்கு எங்க போற? 2022 மறந்துபோச்சா? 2021 டிசம்பர்ல 177 ரூபா வித்த பெற்றோல் 2022 ஜூன்ல 470 ரூபா. அந்த விலைக்கும் செட்டில கிடைக்காம, இரவு பகலா வரிசையில காரோட படுத்தம். பிறகு கியூஆர் பங்கீடு வந்திச்சு, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார்சைக்கிளுக்கு 4 லீற்றர். அதையும் கடந்துதான் இந்தக் காரை வச்சிருக்கிறன்.

ஆனா மாமா சொன்னதில விலைய விட வேற ஒண்டுதான் என்னக் குத்தினது. ரோட்டு உடைஞ்சா உசரமா வாங்கு. காசு இருக்கிறவன் வாங்கிருவான். அவனுக்குப் பள்ளமும் தெரியாது, வேகத்தடையும் தெரியாது, ஒழுங்கைப் படியும் தெரியாது. தெரியாதவன் கேக்கவும் மாட்டான். முறைப்பாடு எழுதுறவங்கள்ல ஒருத்தர் குறைவாங்க. பின்ன ஆரு மிஞ்சுற? சைக்கிள்ல மரக்கறிக் கூடையோட சந்தைக்கு வாற பொம்பிளை. பின்னால ரெண்டு புள்ளைய வச்சு ஸ்கூட்டியில போற தாய். வெட்டின கொங்கிறீற் விளிம்பில சைக்கிள் ரயர் ஏறி, அந்தத் தக்காளி எல்லாம் ரோட்டில உருண்டத நான் கண்ணால கண்டன். இறங்கி நானும்தான் பொறுக்கினன். அவ ஒருத்தரையும் ஏசல்ல. நசுங்கினத ஒரு பக்கம் வச்சுப்போட்டு, மிச்சத்த எண்ணினா. அவ எத்தின மில்லிமீற்றர் உயரம் வாங்குற?

அதால நான் விக்கப் போறதில்ல. இந்த 120 மில்லிமீற்றர்ல இருந்துகொண்டே கேப்பன்.

உசரமான வாகனமும் உதவாத இடம் ஒண்டு நம்மட கிரான்லயே இருக்கு. புலிபாய்ந்தகல் ரோட்டு. மாரி பிறந்தா கிரான் பாலத்துக்கு மேலால தண்ணி பாயும், அங்கால இருக்கிற ஊரெல்லாம் துண்டாப் போயிடும். பேரில்லாவெளி, திகிலிவெட்டை, குடும்பிமலைப் பக்கம் எல்லாம். பிரதேச செயலகம் இங்கால, சனம் அங்கால. வருசா வருசம். பத்திரிகையில வாற படம்கூட ஒரே படம்தான்: போட்டில சனம், போட்டில மோட்டார்சைக்கிள், போட்டில அரிசி மூடை.

2024 நவம்பர்ல அப்பிடித்தான். அந்த மாசம் 25ல துவங்கின உயர்தரப் பரீட்சைய மழையால இடையில நிப்பாட்டி, டிசம்பர் 4ல மறுகா துவங்கினாங்க. அந்த நாள்ல அங்கால இருந்த சொந்தக்காரர் வீட்டுக்கு மருந்து குடுக்கப் போய், தண்ணி துவங்குற இடத்தில காரை நிப்பாட்டினன். எனக்குப் பக்கத்தில ஒரு பிறாடோ வந்து நிண்டிச்சு. அதுக்குப் பின்னால ஒரு ட்ரக்டர். மூண்டும் ஒரே இடத்திலதான் நிண்டிச்சு. 120 மில்லிமீற்றரும் ஒண்டுதான், பிறாடோவும் ஒண்டுதான். மருந்துப் பையப் போட்டில ஏறின பொடியனிட கையில குடுத்துவிட்டன். பேர எழுதி, ஆருட வீடு எண்டு சொல்லி, ரெண்டுதரம் திருப்பிச் சொல்லவும் வச்சன்.

"போட் சேவை ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளது" எண்டு அண்டைக்கும் அறிவிச்சாங்க. ஒவ்வொரு வருசமும் அறிவிக்கிறாங்க. அதச் செய்யிற உத்தியோகத்தரும் போட்டுக்காரரும் மழைக்குள்ள நிண்டு பாடுபடுறாங்க, அவங்களில எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா தண்ணி எந்த மாசம் வரும், எவடத்தால பாயும், எத்தின அடி நிக்கும் எண்டு ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரிஞ்ச ஒரு வெள்ளத்துக்கு, திடீரெண்டு வந்த அனர்த்தத்துக்குப் போல ஒவ்வொரு மாரியும் போட் தேடுறது என்ன நியாயம்? புதுப் பாலம் வருது வருது எண்டு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. அளந்தாங்க எண்டாலும், அடிக்கல் வச்சாங்க எண்டாலும், ஒரு மாரி முழுக்க அதுக்கு மேலால வாகனம் போய்வந்த பிறகுதான் நான் நம்புவன். ஐப்பசி பிறந்தா மறுகா மழை துவங்கும். அங்கால ஒரு புள்ளைத்தாச்சிக்கு நடுச்சாமத்தில வலி கண்டா, போட்டுக்காரர எழுப்புறது ஆரு?